சும்மா சார்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும், முன்கூட்டிச் சொல்லாமல் அடுத்தவர் வீட்டுக்குப் போகும் தைரியமுள்ள மனிதர் இன்றைய தேதியில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். சேலையூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. கதவைத் திறந்து, "வாங்க சார், என்ன விஷயம்?" என்று யார் கேட்டாலும், "சும்மாதான்" என்பார். அதனால் அவர் சும்மா சார்.

இதில் என்ன பெரிய தைரியம் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக்கு ஒருவர் எந்தக் காரியமும் இல்லாமல், எந்தத் தகவலும் கொடுக்காமல் கடைசியாக வந்தது எப்போது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் தம்பி பொத்தேரியில் இருக்கிறான். கூடப் பிறந்தவன். வருவதற்கு முன்னால் போன் செய்கிறான். போன் செய்வதற்கு முன்னால் "பேசலாமா?" என்று மெசேஜ் அனுப்புகிறான். நான் பதிலுக்குக் கட்டை விரலைக் காட்டினால்தான் போனே வரும்.

பல்லாவரத்தில் என் தாத்தா வீட்டில் இந்த வழக்கமெல்லாம் கிடையாது. காலையில் கிணற்றடிக்குப் போனால் அங்கே முன்பின் தெரியாத ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். யார் என்று கேட்பது மரியாதையில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் எப்படியும் தெரிந்துவிடும். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர், என் அத்தை கல்யாணத்தை இருந்து நடத்திக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். அவர் வந்து இறங்கியபோது அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பித்திருக்கவில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அந்த வீட்டில் என் அம்மா நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே கிடையாது. வருகிறவர்களுக்கு அது ஆனந்தம், வடிக்கிறவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம். ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அன்றைக்கெல்லாம் யாரும் பயந்ததில்லை.

சும்மா சார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்குத் தாம்பரத்தில் சின்னதாகச் சொந்த வீடு. மனைவி காலமாகிப் பல வருடமாகிறது. ஒரே மகள் கல்பனா, பூனாவில் இருக்கிறாள். நான் ஒருமுறை அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு போன் பண்ணிட்டு வரலாமே சார்?"

"தம்பி, நான் சர்வீஸ் பூரா ட்ரங்க் கால் போட்டுக் குடுத்தவன். யாரோ செத்துட்டாங்க, யாரோ பொறந்துட்டாங்க, உடனே கிளம்பி வா. இதைத் தவிர எவனும் ஒரு வார்த்தை பேசினதில்ல. சும்மா பேசணும்னு ஒருத்தன் கால் புக் பண்ணி நான் பார்க்கல. போன்ங்கிறது விஷயத்துக்குப்பா. எனக்குத்தான் விஷயமே இல்லையே, நான் எதுக்கு போன் பண்ணணும்?"

எழுந்துபோய்க் காபி கொடுத்தேன்.

பிறகு எங்கள் குடியிருப்புக்கு ஒரு ஆப் வந்தது. கேட்டுக்குள் யார் நுழைந்தாலும் காரணத்தை அதில் பதிந்தாக வேண்டும். செக்யூரிட்டி ஏழுமலை செல்போனும் கையுமாக வழிமறித்தார்.

"இன்னா விஷயமா வந்துகீறீங்க சார்?"

"சும்மாதான்."

"சும்மான்னு இதுல இல்ல சார். டெலிவரி கீது, கேப் கீது, ரிப்பேர் கீது, கெஸ்ட் கீது. கெஸ்ட்டுன்னா வூட்ல முன்னாடியே சொல்லிக்கணும்."

"நீயே பார்த்து ஏதாவது ஒண்ணு போட்டுக்கப்பா."

ஏழுமலை டெலிவரி என்று போட்டுவிட்டார். மிக்ஸி ஜாருக்காகக் காத்திருந்த என் மனைவி மாலதி ஆசையாக ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"பார்சல் எங்க?"

சார் தன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "வேற யாரும் வரலையேம்மா. நான் மட்டும்தான்."

அடுத்த தடவை ஏழுமலை ரிப்பேர் என்று போட்டார். இரண்டாம் மாடி அம்மா, "எவ்ளோ நேரம் வெயிட் பண்றது?" என்று கோபித்துக்கொண்டு அவரை நேரே சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒழுகும் குழாயைக் காட்டினார். சார் ஸ்பேனர் கேட்டு வாங்கினார், குழாயை முடுக்கினார், காபி குடித்தார், வந்துவிட்டார். அந்த நல்ல பிளம்பரின் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று அந்த அம்மா ரொம்ப நாள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மனிதரால் அதிகம் அவதிப்பட்டது மாலதிதான். அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சாயங்காலமானால் வீட்டிலிருந்தபடியே அமெரிக்காக்காரர்களுடன் மீட்டிங். சரியாக அந்த நேரத்தில்தான் சார் வருவார். சோபாவில் துவைத்த துணி மலையாகக் குவிந்திருக்கும். மிச்சமிருக்கும் மூலையில் உட்கார்ந்து, மாமரம் பூத்தது, கேம்ப் ரோடு சிக்னல் கெட்டுப்போனது என்று என்னிடம் பேசிக்கொண்டே துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்குவார். மாலதியின் கேமராவில் இது முழுசாகத் தெரியும். ஒருநாள் அவர் வரவில்லை. "இன்றைக்கு உன் அப்பா எங்கே, உடம்பு சரியில்லையா?" என்று அமெரிக்காக்காரர்கள் விசாரித்திருக்கிறார்கள்.

"வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா இந்த மனுஷனுக்கு என்ன கொறைஞ்சு போகும்?" என்று அன்றைக்கு என் மேல் பாய்ந்தாள்.

இந்த மாசிமாதம்தான் அது நடந்தது. செம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு சார் நடந்து போயிருக்கிறார். அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும், அந்த வீட்டுத் தம்பதி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் மூச்சு விடாமல் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் பெயரை எழுத மாட்டேன், அவர்களே பிற்பாடு என்னிடம் சொன்னதுதான் இது. இவர் என்ன நினைத்தார்? தெரு முழுக்க வெளிச்சம், இந்த ஒரு வீட்டில் மட்டும் இருட்டு, பாவம், பியூஸ் போய்விட்டது என்று நினைத்தார். சரி செய்து கொடுப்பதற்காகப் பக்கத்துச் சந்தில் இருந்த மீட்டர் பெட்டியைத் தேடிப் போனவர், மூடியில்லாத சாக்கடையில் காலை விட்டுவிட்டார். எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள்.

பூனாவிலிருந்து கல்பனா பதறிக்கொண்டு வந்தாள். வந்த அன்றே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"என்னோட வந்துடுங்கப்பா. இங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரு இருக்காவா? ஊர் பூரா எனக்கு வீடும்மா. நான் படுத்துட்டேன்னு தெரிஞ்சா தினம் ஆள் வரும் பாரு."

"சரி, பார்க்கலாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பேன். ஆள் வந்தா, துணைக்கு ஒரு அம்மாவை ஏற்பாடு பண்ணிட்டு நான் மட்டும் போறேன். வரலேன்னா ரெண்டு டிக்கெட். அப்புறம் பேசக் கூடாது."

சார் ஒப்புக்கொண்டார். வீட்டிலிருந்த நாற்காலிகளையெல்லாம் கூடத்தில் வரிசையாகப் போடச் சொன்னார். தினமும் சாயங்காலம் ஷேவ் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒருவரும் வரவில்லை.

நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. எல்லோரும் போன் செய்தோம். குரூப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பினோம். "வந்து பார்க்கட்டுமா சார்?" என்று ஒருவர் விடாமல் கேட்டோம். "எதுக்குப்பா வீண் அலைச்சல், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் வந்தது. சரி, மனிதர் ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை, மீட்டிங் ஆரம்பிப்பதற்குள் மாலதி அவருக்குப் போன் செய்தாள். ரசம் வைத்து அனுப்பட்டுமா என்று கேட்கத்தான். கல்பனா எடுத்தாள்.

"வேண்டாம்க்கா. ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்" என்று பந்தயத்தைச் சொன்னாள். சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவதையும் சொன்னாள்.

"ஐயோ, நாங்க எல்லாரும் கேட்டோமேம்மா. சார்தானே வேண்டாம்னுட்டார்?"

பின்னாலிருந்து சாரின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "வரட்டுமான்னு கேட்டா வேற என்னம்மா சொல்றது? கட்டாயம் வந்து பாருங்கன்னு கெஞ்சறதா? வர்றவங்க வருவாங்க. கேக்கறவங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்லணும், அதான் மரியாதை."

மாலதி போனை வைத்தாள். லேப்டாப்பில் அமெரிக்காக்காரர்கள் ஒவ்வொருவராக முகம் காட்ட ஆரம்பித்திருந்தார்கள். "வீட்டில் அவசரம்" என்று ஒரு வரி அடித்துவிட்டு அதை மூடினாள். நைட்டி மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, "வண்டியை எடுங்க" என்றாள்.

"இப்பவேவா? ஒரு போன் பண்ணிட்டு..."

அவள் பார்த்த பார்வையில் நான் ஹெல்மெட்டைக்கூட மறந்துவிட்டு இறங்கினேன்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் சார் எங்களைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். தேர்தலில் ஜெயித்தவர்கூட அப்படிப் பார்க்க மாட்டார். "கல்பனா, டிகாஷன் இருக்கா பாரு" என்றார். மாலதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் சார் எங்களை வர வேண்டாம்னீங்க?" என்று அழுதுவிட்டாள். அவர் மேல் அத்தனை புகார் சொன்னவள் அவள்தான்.

கல்பனா விடுகிற ஆளில்லை. "ஒரு வீடு வந்துட்டா போதுமாப்பா?" என்றாள்.

திரும்பி வரும்போது, "குரூப்ல போட்டுடலாம்" என்றேன்.

"போட்டா உடனே ஒரு ஃபார்ம் வரும். ஏ பிளாக் நாலுலேர்ந்து அஞ்சு, பி பிளாக் அஞ்சுலேர்ந்து ஆறுன்னு டைம் ஸ்லாட் போடுவாங்க. அதுக்கு அவர் பூனாவுக்கே போயிடலாம்" என்றாள்.

அடுத்த நாள் அவளே ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினாள். பல வருடமாக லிப்டில் மட்டும் பார்த்துச் சிரித்த முகங்கள் கதவு ஓட்டை வழியாகத் திகிலுடன் எட்டிப் பார்த்தன. திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் மூன்றாம் மாடி பாஸ்கர், கதவைத் திறக்காமலே, "மெயின்டனன்ஸ் கட்டியாச்சுங்க" என்று கத்தினார். மாலதி விடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, விஷயத்தைச் சொல்லி, கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்தாள். செம்பாக்கத்துக்கும் போனாள். வீடு திரும்பியபோது அவள் முகத்தில் தனி மலர்ச்சி.

"எல்லா வீட்லயும் சோபால துணிதாங்க குவிஞ்சு கிடக்கு!"

யாரும் யாரிடமும் நேரம் பேசிக்கொள்ளவில்லை. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் மொத்தக் குடியிருப்பும் ஒரே சமயத்தில் சார் வீட்டில் போய் நின்றது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். கல்பனா பாலுக்கு ஓடினாள், திரும்பி வந்ததும் மறுபடி ஓடினாள். கூட்டத்தில் யூனிபாரத்தோடு ஏழுமலையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கேட்ல யாருய்யா இருக்கா?"

"அத்த வுடு சார். அங்க வர்றவங்க, போறவங்க அல்லாரும் இங்கதான் கீறாங்க."

செம்பாக்கத்துத் தம்பதி கடைசியாக வந்து, கதவோரம் ஒடுங்கி நின்றார்கள். சார் அவர்களைப் பார்த்துவிட்டார். "வாங்க, வாங்க. பியூஸ் போட்டுட்டீங்களா? அன்னிக்கு என்னால முடியாமப் போச்சு. வயரிங் பழசா இருக்கும், நல்ல எலக்ட்ரீஷியனா பார்த்துக் காட்டிடுங்க" என்றார். அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எதற்கு அழுகிறார் என்று சாருக்குப் புரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பாஸ்கர் யாரிடமும் பேசாமல் குளியலறைப் படியையும் சுவரையும் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். ஞாயிறு காலை வெல்டிங் மிஷினோடு வந்து, சார் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இரும்புக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த கல்பனா, மாலதியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன். அப்பாவைப் பார்த்துக்கங்க" என்றாள்.

சும்மா சார் இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். தெருவில் இறங்க டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. இறங்கியதும் யார் வீட்டுக்கு முதலில் வருவார் என்று எங்கள் குடியிருப்பில் பெரிய சண்டையே நடக்கிறது. கைப்பிடி போட்டவன் நான், என் வீட்டுக்குத்தான் என்கிறார் பாஸ்கர். குழாய் மறுபடி ஒழுகுகிறது, என் வீட்டுக்குத்தான் என்கிறார் இரண்டாம் மாடி அம்மா. மாலதி இந்தச் சண்டையில் கலந்துகொள்வதில்லை. சாயங்காலமானால் அமெரிக்காவோடு பேசிக்கொண்டே எழுந்துபோய் எங்கள் வாசல்கதவை விரியத் திறந்து வைக்கிறாள்.

"கொசு வருமே" என்றேன் நேற்று.

"அவரும் வருவாரில்ல" என்றாள்.