வேனை விற்று வாங்கிய வெயில்

மச்சான் ரூபேந்திரன் அவர்களுக்கு,

பண்டார் தெங்காராவிலிருந்து அக்காள் புருஷன் காளியப்பன் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக் கூரையும் சுகம். அங்கே ஸ்கூடாயில் நீங்களும் ஷாமளாவும், என்னிடம் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட கஸ்தூரியும் சுகமா? அவள் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள். டீசல் மானியம் போனதிலிருந்து கஸ்தூரியின் இட்லி மாவு வியாபாரம் ஆட்டம் கண்டுவிட்டது. குலாய் டவுன் கடைகளுக்கு வேனில் மாவு போட்டுவிட்டு வந்தால் லாபத்தையெல்லாம் வேனே குடித்துவிடுகிறது. அரைக்கிற கரண்டு பில் தனி. நான் நாள் பூராவும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சோலார் போடும் ஆள் ஒருவர் வந்து, எண்ணெய்க்குக் கொடுத்த மானியம் நின்றாலும் வெயிலுக்குச் சலுகை இருக்கிறது, கிரைண்டர் ஓடியது போக மிஞ்சிய கரண்டைக் கரண்டு ஆபீசுக்கே கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்றார். கஸ்தூரி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வேனை விற்றுக் கூரையில் சோலார் பேனல் போடச் சொல்லிவிட்டேன். திரும்பி வந்தவள், "அலமாக்! என் வேனை வித்துட்டு வெயில வாங்கினீங்களா? அது சும்மாதானே அடிக்குது!" என்றாள். நியாயமான கேள்விதான்.

அதோடு விட்டதா? ஆயுத பூசை வந்தது. வருஷா வருஷம் வேனுக்குச் செய்ததைப் பேனலுக்குச் செய்யாமல் விடலாமா? ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு பேனலிலும் சந்தனத்தைக் குழைத்து அகலமாகப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சாம்பிராணி காட்டினேன். அவ்வளவு லட்சணம்! அந்தப் படத்தைப் பெருமையாக எங்கள் தாமான் குடியிருப்பு வாட்சப்பில் போட்டதும் நான்தான். மறுநாளே கரண்டு சுருங்கிப்போச்சு. டீசலை நிறுத்தின மாதிரி வெயிலையும் நிறுத்திட்டாங்கன்னு நேரா கரண்டு ஆபீசுக்குப் போய்க் கத்தினேன் மச்சான். கவுண்டரில் லோஷினி என்று நம்ம பிள்ளை ஒன்று. நான் போனில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், பூசை நல்லா இருக்கு லா. ஆனா வெயில் எந்த வழியா உள்ள போகும்?" என்றது. தாமானே சிரித்தது. கஸ்தூரி அன்று சாயங்காலமே பையைத் தூக்கினாள்.

இப்போது பேனலைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். நம்ப மாட்டீங்க, உச்சி வெயிலில் கிரைண்டர் கடகடன்னு ஓடுது, பில் பாதிக்கும் கீழே இறங்கிடுச்சு. விலையைக் குறைத்தால் கடைக்காரர்களே வீடு தேடி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஆனால் நான் அரைத்தால் மாவு பொங்க மாட்டேன் என்கிறது. "அக்கா எப்ப வருவாங்க?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கும் அதே கேள்விதான். அவளைக் கேட்காமல் விற்றது தப்பு மச்சான். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், உங்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். எப்படியாவது சமாதானம் சொல்லி அனுப்பி வையுங்கள்.

உங்கள் இருவருக்கும் முருகன் நீண்ட ஆயுளும், சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசலில்லாத காலைகளும் அருளட்டும்.

இப்படிக்கு,
காளியப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது கஸ்தூரியே வாடகைக் காரில் வந்து இறங்கிவிட்டாள். அழவெல்லாம் இல்லையாம். தினமும் நீங்கள் இருவரும் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பியதும், உங்கள் வீட்டில் இரண்டு கிரைண்டர் போட்டு ஸ்கூடாய் முழுக்க மாவு விற்றிருக்கிறாள். "தம்பி வீட்டுக் கரண்டு பில்லு வர்றதுக்குள்ள கிளம்பிட்டேன்" என்கிறாள். பதறாதீர்கள். உங்கள் கூரையை அளக்கச் சோலார் ஆளை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாளாம். உங்களைக் கேட்டாளா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.