ஐந்து மணிக்குள் உலர வேண்டிய புல்வெளி

வாழ்க, மேலும் கீழும் ஓடி மாந்தரை இடைமாடியில் தவிக்கவிடும் இரும்புப் பெட்டிகளைத் திருப்புளி ஒன்றாலேயே அடக்கி ஆளும் லிஃப்ட் மெக்கானிக்! வாழ்க, அவர் வலக்கரம் பற்றிய அணில்மயிர்த் தூரிகை! முன்னர் அவர் தீட்டிய நீர்வண்ணச் சித்திரங்கள் மூன்றும் இல்லத்தரசியின் ஆணைப்படி சமையலறை அலமாரிக்கு விரிப்பாகி, மாவு டப்பாக்களின் கீழ் நசுங்கிக் கிடந்தன. நான்காவதாவது நகர மண்டபத்துக் கண்காட்சிச் சுவரில் தொங்கியே தீர வேண்டும் என்று அம்மானஸ்தர் சூளுரைத்திருந்தார். அங்கே படங்களை மாலை ஐந்து மணி வரைதான் வாங்குவார்கள். அப்போது மணி நாலேகால்.

பச்சைப்பட்டு விரித்தன்ன புல்வெளியும், அதில் மேயும் வெண்ணிற ஆடுகள் ஏழும், மரத்தடியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்து உறங்கும் மேய்ப்பனும் முற்றுப்பெற்று, கையெழுத்து ஒன்றே எஞ்சிய அந்நற்பொழுதில், கழுவிய தூரிகையை உதற மறந்து ஓங்கிய பெருந்தகையின் கையினின்றும் கொழுத்த நீர்த்துளி ஒன்று நட்டநடுப் புல்வெளியில் பொத்தென்று குதித்தது. வந்தது வினை.

ஈரத்தை அதன் போக்கில் உலரவிடுவதே இக்கலையின் பாலபாடம். நம் வீரருக்கோ பழுது என்று ஒன்றைக் கண்டுவிட்டால் கை சும்மா இராது. மனைவியின் ஹேர் டிரையர் என்னும் வாயு அஸ்திரத்தை உருவி, முழுவேகத்தில் ஏவினார்.

“இன்னிக்கு நீயா நானான்னு பாத்துடறேன்,” என்று துளியை நோக்கி முழங்கினார்.

துளி உலரவில்லை, ஓடியது. தோற்றோடும் படை வழியிலுள்ள ஊர்களைச் சூறையாடுவதுபோல், பச்சையை வாரிச் சுருட்டிக்கொண்டு முதலாம் ஆட்டை விழுங்கி, இரண்டாம் ஆட்டைக் கரைத்து, மூன்றாம் ஆட்டைக் காக்கச் சென்ற டிஷ்யூ காகிதம் அதன் தலையோடு பிய்ந்துவர, இடப்புறம் ஊதினால் வலப்புறம் பாய்ந்து, மேலே ஊதினால் வானத்து நீலத்தையும் துணைக்கு அழைத்து இறங்கி, பாவம், ஒன்றுமறியாது தூங்குகிறவனின் மார்புவரை ஏறிய பிறகே அது அடங்கியது. மணி நாலே முக்கால் ஆகியிருந்தது. ஏழு ஆடுகளில் கரைசேர்ந்தவை இரண்டு.

ஈரத்தலையில் துண்டு சுற்றியபடி, ஹேர் டிரையரைத் தேடிக்கொண்டு வந்தாள் இல்லத்தரசி. படத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த ஆளு எதுக்குத் தண்ணியில படுத்துத் தூங்கறாரு?”

நாற்பது மாடிக் கட்டடத்தின் உச்சியிலும் நடுங்காத அந்நெஞ்சம் நொறுங்கிப்போயிற்று. வாயு அஸ்திரத்தை அவள் கையிலேயே ஒப்படைத்தார். “போச்சு. இதையும் அலமாரியிலயே விரிச்சுடு.”

“அலமாரில இனிமே தட்டு ஏதுங்க? மூணுதானே. கிளம்புங்க, பேனாவ எடுத்துக்குங்க.”

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மண்டபத்துக்குப் போய், விண்ணப்பத்தில் படத்தின் தலைப்பாக இருந்த ‘கிராமத்து அமைதி’ என்பதை அடித்துவிட்டு ‘வெள்ளம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.