தையற்காரர் தூக்கப்பை நீங்கு படலம்

வாழி! ஊசியே வேலாக, கத்தரிக்கோலே வாளாக, அளவுநாடாவே வாகைமாலையாக, கடைத்தெரு முனையில் கால்மிதி இயந்திரத் தேரேறித் துணிக்கடலைக் கலக்கிய தையற்காரர் வாழி! "நாளைக்கு வாங்க" என்னும் ஒற்றை ஆணையால் ஊரையே நடையாய் நடக்கவைத்த காலவேந்தர் வாழி! ஆயினும் அவர்தம் கடைத்தெரு வெற்றிகளைப் பாடுதல் எம் நோக்கமன்று. முகில் தவழும் மலைப்பூங்காவில், பனி சொட்டும் விடியற்பொழுதில், தம் கையால் ஜிப் தைத்த, உள்ளே புகுந்துறங்கும் தூக்கப்பைக்குள் தாமே சிறைப்பட்டு அவர் ஆற்றிய அருஞ்சமரையே உரைக்கப் புகுந்தோம். கேட்போர் சிரியாதிருப்பாராக.

மனைவியோடும், மனைவியின் தங்கை கணவராகிய சகலையோடும் மலையேறி முகாமிடச் சென்ற அப்பெருமான், கடையில் வாங்கிய தூக்கப்பையின் ஜிப்பை நோக்கி எள்ளி நகைத்து, அதைப் பிய்த்தெறிந்து, பித்தளைப் பல்வரிசை மின்னும் தடித்த ஜிப் ஒன்றை மூன்று வரித் தையலிட்டுப் பொருத்தியிருந்தார். "யானை இழுத்தாலும் பிரியாது!" என்று அவர் முழங்கியபோது, மோட்டார் மெக்கானிக்காகிய சகலை, நட்டும் போல்ட்டுமே நம்பி வாழ்பவராதலின், வாய்க்குள் சிரித்தார். அச்சிரிப்பு தையற்காரரின் நெஞ்சில் முறிந்த ஊசியெனத் தங்கிவிட்டது.

விடிந்தது. முந்தைய மாலை குளிருக்கு அஞ்சி அவர் அருந்திய தேநீர் முழுதும், கோட்டைவாயிலை முட்டும் பகைப்படையென ஒருங்கு திரண்டு அடிவயிற்றை மோதிற்று. கண்விழித்த வீரர் கழுத்தடியில் ஒரு கையை வெளியே நீட்டி, ஜிப்பின் ரன்னரைப் பற்றி இழுத்தார். அந்தோ! கழுத்தைச் சுற்றியிருந்த கம்பளி மஃப்ளரைக் கவ்விக்கொண்ட ரன்னர், மானைப் பற்றிய முதலையென, மேலும் போகாது கீழும் வாராது நின்றது. இழுக்க இழுக்க மஃப்ளர் இறுகியது. இறுக இறுக முகம் சிவந்தது. எத்தனையோ பேரின் கால்சட்டை ஜிப்புகளுக்கு விடுதலை தந்த விரல்கள் தம் ஜிப்பின் முன் தோற்றுத் துவண்டன.

மனைவி கூடாரத் திரையை விலக்கினாள்.

"என்னங்க, இன்னுமா எந்திரிக்கல? மேகம் மூடறதுக்குள்ள உச்சிக்குப் போகணும்."

"நீ முன்னால போ. இதோ வர்றேன்."

"மாட்டிக்கிட்டீங்களா?"

"யாரு மாட்டுனது? சும்மா படுத்திருக்கேன்."

அவ்வுரை அவள் செவியில் ஏறுமுன்னரே, கையில் கட்டிங் பிளையர் மின்ன, இடியேறெனத் தோன்றினார் சகலை. "நகருங்க அண்ணி. ஒரே வெட்டுதான், பிச்சு எடுத்துடலாம்."

வெட்டா! குகைவாய்ச் சிங்கமெனத் தலையை வெளியே நீட்டி, தையற்காரர் மலை நடுங்க அறைகூவினார்: "என் தையல்மேல இரும்பு பட்டுச்சு, நாளைக்கே கடையை மூடிடுவேன்!"

"அப்ப உள்ளயே இருங்க" என்று மொழிந்த மனைவி, அடுப்பருகே சென்று டம்ளரில் தேநீரை உயரத் தூக்கி ஆற்றலானாள். அவ்வொலி! அதனினும் கொடியதாய், இரவெல்லாம் தாலாட்டிய தொலைவருவி இப்போது சளசளவெனக் காதில் பாய்ந்தது. ஒருபுறம் மானம், மறுபுறம் அடிவயிறு. இரு பெருஞ்சேனைகளுக்கு இடைப்பட்ட குறுநிலமென வியர்த்தார் வீரர். இனிப் பொறுத்தல் தகாது.

எழுந்தார். தூக்கப்பையோடே எழுந்தார். கால்கள் இரண்டும் ஒன்றாய்க் கட்டுண்ட நிலையில், நெடுநெல்மூட்டை உயிர்பெற்றதென, சரிவின் கடைக்கோடியில் தகரக்கூரை வேய்ந்து நின்ற கழிப்பறையை நோக்கித் துள்ளினார். துள்ளலுக்கொரு முறை நிலம் அதிர்ந்தது. அதனினும் அடிவயிறு அதிர்ந்தது. வாயில் பற்பசை நுரையோடு நின்ற பெண்மணி ஒருத்தி, "சாக்கு ஓட்டமா? பேரு எங்க குடுக்கணும்?" என வினவினாள். "சார், மெதுவா! புல்லு வழுக்கும்!" என்று வனக்காவலர் கூவிய அக்கணமே புல்லும் வழுக்கிற்று.

உருண்டார். மேடு கடந்து, முள் கடந்து, விலங்குகளுக்கு உணவளிக்காதீர் என்னும் பலகையையும் கடந்து, சுருட்டிய பாயென உருண்டு, பாறையொன்றில் மோதி நின்றார். அம்மோதலில் மஃப்ளர் கிழிந்தது. ரன்னர் வாய் பிளந்தது. பித்தளைப் பல்வரிசை சர்ரென்று அகன்று வழிவிட்டது! முட்டை உடைத்தெழும் கருடக்குஞ்சென வெளிப்பட்ட வீரர், முழங்கைச் சிராய்ப்பையும் மறந்து, அடிவயிற்றையும் ஒரு நொடி மறந்து, பையை விரித்து மூன்று வரிகளையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நூலும் விடவில்லை.

"சகலை! பாருங்க! தையல் பிரியல!"

மலைமுகடுகள் அதை எதிரொலித்தன. பிளையரைச் சட்டைப்பையில் செருகிய சகலை இரு கைகளையும் மேலே தூக்கி வணங்கினார்; சிரிப்பு அடங்காத மனைவி கையிலிருந்த தேநீரைக் கொட்டிவிட்டாள்; முகாம் முழுதும் கரவொலி எழுந்தது. தூக்கப்பையை வெற்றிக்கொடியெனத் தோளில் சாய்த்து, நிமிர்ந்த தலையும் நெருக்கி வைத்த தொடையுமாக, பகையரணின் வாயிலை அணுகிய வேந்தெனக் கழிப்பறைக் கதவை அடைந்து, வீரக்கரம் ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

உள்ளே ஆள் இருந்தது.