பதினேழு நாள் பத்தியம்

நல்ல புருஷன் என்று ஊரில் நான் பேரெடுத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அந்தப் பேர் சரியாகப் பதினேழு நாள் நின்றது. பதினேழாம் நாள் மத்தியானம் அது ஒரு மீன்முள்ளில் மாட்டிச் செத்துப்போனது.

அறுபதுகளின் நடுப்பகுதி. கரம்பொன்னில் இருந்தோம். நான் பள்ளிக்கூட வாத்தியார். (வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பிய காலம். நானும் நம்பினேன்.) மகள் பிறந்ததிலிருந்து என் மனைவி பாக்கியத்துக்கு நாரிநோ. இடுப்புக்குப் பின்னால் பிடித்தால் பிடித்ததுதான். குனிந்தால் நிமிர ஏலாது, நிமிர்ந்தால் குனிய ஏலாது. ஒத்தடம் பிடித்தோம், பட்டணத்து டாக்குத்தரின் குளிசையும் விழுங்கினாள். நோ அசையவில்லை. மகளுக்கு ஒன்றரை வயது. தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு தாயின் காலடியில் வந்து நிற்பாள். பாக்கியம் அவளின் தலையைத் தடவிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கடைசியில் புங்குடுதீவில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியாரிடம் போனோம். நாரியை அமத்திப் பார்த்து எண்ணெயும் கசாயமும் தந்தார். நாற்பது நாள் பத்தியம். மீன் இல்லை, புளி இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. இன்னும் என்னவோ சொன்னார். அதற்குள் என் மண்டையில் ஒரு பெரிய யோசனை உதித்துவிட்டதால் மிச்சம் காதில் விழவில்லை.

"இஞ்சாரும், நீர் தனியக் கஷ்டப்பட வேண்டாம். நானும் உம்மோடை பத்தியம் இருக்கிறன்" என்று வரும்போது பஸ்ஸிலேயே அறிவித்தேன், பின்சீற்றுக்கும் கேட்கும்படி.

"உங்களுக்கு என்ன நோ?" என்று கேட்டாள் பாக்கியம்.

"உமக்கு நொந்தால் எனக்கும் நோதான்." (இந்த வசனத்தை நினைத்தால் இப்பவும் உடம்பு கூசுகிறது.)

ஊர் உருகிவிட்டது. வாசிகசாலையில் என் பேச்சுத்தான். பெண்கள் தங்கள் புருஷன்மாருக்கு என்னைச் சுட்டிக் காட்டினார்கள். எனக்கு உடம்பு மெலிந்தது, தலைக்கனம் கூடியது. இரண்டு பேருக்கும் மிளகும் உள்ளியும் இடித்து, முருங்கையிலை ஆய்ந்து, தனிச் சமையல். (சமைத்தது பாக்கியம்தான்.)

பதினேழாம் நாள் சனிக்கிழமை. என்னோடு படித்த மரியதாஸ் கடற்தொழில் செய்கிறவன். கடற்கரையில் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சியிருந்தான். மீன், நண்டு, இறால், புளி, தூள்... பரியாரியார் விலக்கச் சொன்ன சாமான் ஒன்றுகூட விடுபடவில்லை.

"சும்மா மணந்து பாத்திட்டுப் போடா" என்றான்.

மணந்துதான் பார்த்தேன். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் மூன்று பிளா நிறைய மணந்தேன். மூன்றாவதில் முள்ளு தொண்டையில் குத்தி நின்றது. விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது, பேசவும் ஏலாது. சோற்றுருண்டை விழுங்கினால் இறங்கும் என்று மரியதாஸ் சொல்ல, வீட்டுக்கு ஓடினேன். பாக்கியம் இல்லை. மகள் பக்கத்து வீட்டு அக்காவின் மடியில் இருந்தாள்.

"அவ தண்ணிக்குப் போட்டா" என்றார் அக்கா.

எங்கள் வளவுக் கிணறு உவர். நல்ல தண்ணீர் கால் மைல் தள்ளி, கோயிலடிக் கிணற்றில்தான். வீட்டில் குடம் எப்போதும் நிறைந்தே இருந்தது. அது எப்படி நிறைகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒழுங்கையில் அவளைக் கண்டேன். இடுப்பில் மண்குடம். நாலு அடி நடப்பதும், பல்லைக் கடித்துக்கொண்டு வேலியைப் பிடித்து நிற்பதுமாக வந்தாள். முழி பிதுங்கிய என் முகத்தைக் கண்டதும் "ஐயோ, என்ன நடந்தது?" என்று எட்டி அடி வைத்தாள். குடம் விழுந்து உடைந்தது. அவளும் மணலில் அப்படியே குந்திவிட்டாள், நிமிர ஏலவில்லை. சனம் கூடிவிட்டது. எல்லாரும் என்னிடம்தான் விளக்கம் கேட்டார்கள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"பாவம், மனிசி விழுந்ததைக் கண்டு வாத்தியாருக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

இரண்டு பேரையும் ஒரே வாடகைக் காரில் ஏற்றிப் பரியாரியாரிடம் கொண்டுபோனார்கள். அவர் என் வாயைப் பிளந்து, சின்னச் சாவணத்தால் முள்ளை இழுத்தெடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாத்தியார், இது எந்த முருங்கையிலையின்ரை நரம்பு?"

கூட வந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாக்கியத்துக்குச் சிரிக்கவும் நாரி விடவில்லை. பரியாரியார் அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, பாரம் தூக்கக்கூடாது, குடம் தொடவே கூடாது எண்டு அண்டைக்கே உங்கள் ரண்டு பேருக்கும் சொன்னனான் எல்லோ?"

அதுதான் என் காதில் விழாத மிச்சம்.

"அப்ப ஆர் ஐயா தூக்கிறது?" என்றாள் பாக்கியம். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டதுபோல் இருந்தது.

நான் பரியாரியாரின் கையிலிருந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

நாற்பது நாள் திரும்ப முதலில் இருந்து தொடங்கியது. இந்தமுறை நான் பத்தியம் இருக்கவில்லை. காலையும் பின்னேரமும் தோளில் குடத்தோடு கோயிலடிக்குப் போனேன். பாதித் தண்ணீர் வேட்டியில்தான் வந்து சேர்ந்தது. கிணற்றடிப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மிளகும் நான்தான் இடித்தேன். முதல் நாள் பாதி என் கண்ணுக்குள் போனது. ஊரில் ஒருவரும் புகழவில்லை.

பத்தியம் முடிந்து சில கிழமைக்குப் பிறகு, ஒரு பின்னேரம் குடத்தோடு படலையைத் திறக்கிறேன். முற்றத்தில் பாக்கியம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"பாருங்கோ" என்றாள்.

குடத்தை இறக்காமலே நின்று அழுதேன்.

அந்த மகள் வளர்ந்துவிட்டாள். வீட்டில் ஆருக்காவது ஒரு கஷ்டம் என்று கேட்டு, "நானும் துணைக்கு நிக்கிறன்" என்று நான் வாயைத் திறந்தால் போதும்.

"அப்பா, பத்தியமோ, குடமோ?" என்பாள்.

விளங்காத விருந்தாளி ஆராவது இருந்தால், பாக்கியம் பஸ்ஸில் இருந்து தொடங்கி முழுக் கதையும் சொல்வாள். முள்ளு வருசத்துக்கு வருசம் நீண்டு, இப்போது ஒரு முழம். நான் கதை முடியுமட்டும் நிற்பதில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவேன்.