மனுக்காரர் மேல் ஒரு மனு

எடப்பாடியில எங்க மனுக்காரர் கையெழுத்தைப் பார்க்காம எந்த அதிகாரியும் மாற்றலாகிப் போனதில்லை. தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில மேசை போட்டு, கேட்டவங்களுக்கெல்லாம் மனு எழுதுவார். ஆள் வராத நாள்ல, மரத்துக் காக்காய்ங்க மேல எழுதுவார்.

நாங்க ஊட்டுல தெலுங்கு பேசுற தறிக்காரங்க, அவர் ஊட்டையும் சேர்த்து மொத்தமே நாற்பது ஊடு. எங்க அம்மன் நோம்பியை, அதாங்க திருவிழாவை, ஊர் நோம்பியோட சேர்க்கச் சொன்னப்ப அவர் குதிச்ச குதி இருக்கே! "அவங்க ஆயிரம் பேருங்கறதுக்காக நாங்க ஏனுங்க மாத்திக்கோணும்? எங்க சாமி, எங்க இஷ்டம்!" மனு மேல மனு. தனி நாள் கிடைச்சுது. அவரே எங்க தலைவரும் ஆனார்.

அந்தக் கோயில்ல, தலைவர் பேர் கூப்பிட்டாத்தான் பொம்பளைங்க மாவிளக்கு எடுக்கலாம். வெளியில கட்டிக்கிட்டவளைக் கூப்பிடமாட்டாங்க. என் மக மல்லிகா வேற ஆளுங்கள்ல ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கிட்டா. ஆபரேஷன்ல குழந்தை பிழைச்சா மாவிளக்கு எடுக்கறதா வேண்டியிருந்தா. பிழைச்சுது.

நான் அஞ்சாவதோட நின்னவ. நாலு பேர் முன்னால வாயே வராது. மனு எழுத அவரை விட்டா ஆளில்லைன்னு அவர்கிட்டயே போனேன்.

"யார் மேலம்மிணி?"

"உங்க மேலதானுங்க."

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "தலைவர் மேலயா? அந்தாளு லேசுல ஒத்துக்கமாட்டானே. காரமா எழுதோணும்!"

தன்னோட பழைய மனுவையே மாதிரியா வெச்சுக்கிட்டுப் பேரை மட்டும் மாத்தினார். ஆயிரம் பேர் இருந்த இடத்துல நாற்பது ஊடு. நாற்பது ஊடு இருந்த இடத்துல மல்லிகா.

கோயில் கூட்டத்துல அவரே படிச்சார். "நாற்பது ஊடுங்கறதுக்காக மல்லிகா ஏன் மாத்திக்கோணும்? அவ சாமி, அவ இஷ்டம்!" படிச்ச கையோட அதை எதிர்த்து அரைமணி நேரம் முழங்கினார். "ஆளாளுக்கு இப்படி விட்டா நாற்பது ஊடு நாலு ஊடாயிருமப்பா!"

தறிக்குப் பாவு ஓட்டுற பழனி எந்திரிச்சான். "அப்ப நீங்க எழுதின மனு தப்புங்களா?"

"என் மனு எதுடா தப்பாயிருக்கு?"

"அப்ப இதுவும் சரிதானுங்களே."

அவர் மனுவை நாலா மடிச்சார். "தலைவரா நான் ஒத்துக்கலை. மனுக்காரனா ஒத்துக்கறேன், போங்க"ன்னு துண்டை உதறிட்டுப் போயிட்டார்.

நோம்பியன்னைக்கு எல்லாரையும் கூப்பிட்டு முடிச்சு, யாரையோ திட்டுற மாதிரி மல்லிகா பேரைக் கூப்பிட்டார். அவ தேம்பிக்கிட்டே தட்டைத் தூக்கினா. "மாவை நனைச்சுப்போடாத சாமி"ன்னு அதட்டினார்.

அவர் காலமாகி ஒரு வருசமாச்சு. இந்த நோம்பிக்கு என் மாவிளக்குல அவர் பேருக்கும் ஒரு திரி போட்டேன். எங்க வழக்கத்துல அப்படிக் கிடையாது. நான் யாரையும் கேக்கவுமில்லை.