கிளம்பிய மணப்பாடு வந்து சேரவில்லை

தூத்துக்குடியில் மனிதர்களைப் பேருந்துகளாகவே பார்த்த ஒரே ஆள் டைம்கீப்பர் அண்ணாச்சிதான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். சம்பளம் கொடுத்த டாக்டருக்கே அது தெரியுமா என்பது சந்தேகம்.

பஸ் ஸ்டாண்டில் தனியார் பேருந்துகளுக்கு நேரம் பார்த்து அனுப்பி வயதானவர். அந்த வேலையை விட்ட பிறகு, சர்க்கரை நோய் பார்க்கும் எங்கள் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்க வந்தார். வந்தது உடம்பு மட்டும்தான். நோயாளி யாருக்கும் அவரிடம் பெயர் கிடையாது. நேரமும் ஊரும்தான்.

"அஞ்சே கால் காயல்பட்டணம் உள்ள போலாம்! அஞ்சரை விளாத்திகுளம், பின்னாலயே ரெடியா நில்லும்! ஏளா பாப்பா, நாலே முக்கால் ஏரல் ட்ரிப் கட்டு. போட்டுக்கோ!"

ட்ரிப் கட் என்றால், வர வேண்டிய வண்டி வரவில்லை என்று பொருள். கல்யாண முகூர்த்தம் உள்ள நாளில் பாதி ஹால் ட்ரிப் கட் ஆகிவிடும். கடலில் மீன் நன்றாகப் பட்டாலும் அப்படித்தான்.

பாப்பா என்பது நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. முன்பதிவு மென்பொருளை ஓட்டுவதற்காகவே என்னை எடுத்திருந்தார்கள். முதல் நாள் அண்ணாச்சி என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரி, இதுல ஹாரன் எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

வராதவர்களுக்கு என் வழி சுத்தமானது. முந்தின நாள் செல்போனுக்குச் செய்தி போகும். தொடர்ந்து மூன்று தடவை வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் தானாகப் போய்விடும். அது டாக்டர் போட்ட விதி. அண்ணாச்சியின் வழி வேறு. நேரம் தாண்டிய அடுத்த நிமிடமே போனை எடுத்துவிடுவார்.

"எங்கவே இருக்கீரு?"

"பஸ்லதான் அண்ணாச்சி. ஆத்தூர் தாண்டிட்டேன்."

"அப்படியா? கண்டக்டர்ட்ட போனைக் குடும்."

மறுமுனையில் குசுகுசுப்பு. பிறகு மூக்கை அடைத்துக்கொண்டு ஒரு பெண்குரல்: "கண்டக்டர் பேசுதேன், சொல்லுங்க."

"கண்டக்டரம்மா, குக்கர் விசிலு அடிக்கி. மொதல்ல அடுப்ப அணையும். அந்தாள நாளைக்கு அனுப்பி வையும்."

போனையும் எடுக்காதவர்களுக்கு இன்னொரு வழி வைத்திருந்தார். ஒரு வண்டி வராவிட்டால், அதே சாலையில் வந்த இன்னொரு வண்டிக்காரரிடம் 'வழியில பாத்தியா?' என்று விசாரிப்பது பஸ் ஸ்டாண்டு வழக்கம். கிளினிக்கிலும் அதையே செய்தார். காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் உள்ளே நுழைந்து மூச்சு வாங்குவதற்குள், "காக்கா, வாற வழியில மணப்பாட்டப் பாத்தீயளா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

காக்கா என்றால் காயல்பட்டினத்தில் அண்ணன். அவர் திகைத்துப் போனார். "மணப்பாடு திருச்செந்தூரத் தாண்டி குலசைக்கு அங்கிட்டுல்ல கெடக்கு அண்ணாச்சி! நான் எப்படிப் பாக்க?"

அண்ணாச்சி கேட்டது ஊரை அல்ல, ஆறு மணி மணப்பாட்டை. மிக்கேல் என்று பெயர். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். வலது கால் பெருவிரலில் புண். டாக்டர் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட்டார்: "ஒழுங்கா வந்து கட்டு மாத்தலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அதையும் விட்டா பாதம்." தலையாட்டிவிட்டுப் போன மனிதர் அதன் பிறகு வரவே இல்லை. மூன்றாவது தடவையும் வராததால் என் மென்பொருள் அவர் பெயரை எடுத்துவிட்டது.

அண்ணாச்சி என் மேசைமுன் வந்து நின்றார். "ஏளா, கெளம்பாத வண்டியத்தான் கட் பண்ணணும். இது கெளம்பிச்சா இல்லியான்னு கேட்டியா?"

மிக்கேலின் வீட்டு எண்ணுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி எடுத்தார்.

"என்னம்மா இப்பிடிக் கேக்கிய? மத்தியானமே பஸ் ஏத்தி விட்டனே! போன தடவையும் உங்ககிட்டத்தான வந்து புதுக் கட்டு போட்டுட்டு வந்தாவ? நல்லா ஆறிட்டுன்னு டாக்டர் சொன்னாவளாம்லா."

ஸ்பீக்கரை அணைத்தேன். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, "வண்டி ரூட்டுல காணாமப் போச்சு" என்றார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான்.

அந்தத் தடத்தில் ஓடும் கண்டக்டர்கள் எல்லாருக்கும் போன் பறந்தது. மறுநாளே துப்புத் துலங்கிவிட்டது. மிக்கேல் ஒவ்வொரு தடவையும் தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுக்கிறார், திருச்செந்தூரில் இறங்கிவிடுகிறார். அங்கே ஒரு மருந்துக் கடையில் பழைய கட்டின் மேலேயே புதுத் துணியைச் சுற்றிக்கொள்கிறார். இரண்டு வடை தின்கிறார். சாயங்கால வண்டியில் வீடு திரும்புகிறார்.

நான் அவர் பெயரைத் திரும்பவும் பட்டியலில் ஏற்றினேன். விதி டாக்டருடையது, பாஸ்வேர்டு என்னுடையது.

அடுத்த முறை அவர் பஸ் ஏறிய செய்தி உடனே எங்களுக்கு வந்துவிட்டது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இருந்த எங்கள் கிளினிக் வாசலில் ஒரு முழுப் பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜன்னல் தோறும் தலைகள். படியில் கண்டக்டர், அவர் பிடியில் மிக்கேல்.

"திருச்செந்தூர்ல எறங்கப் பாத்தாரு அண்ணாச்சி. படிய மறிச்சி நின்னுக்கிட்டேன்."

"இது அநியாயம்!" மிக்கேல் கத்தினார். "காசு குடுத்து டிக்கெட் எடுத்தவன எறங்க விடமாட்டேங்கான்!"

"எடுத்தது தூத்துக்குடி டிக்கெட்டுதானவே?" என்று கேட்டார் அண்ணாச்சி.

ஜன்னலோரம் இருந்த ஒரு மீன்கார அம்மா தலையை வெளியே நீட்டினாள். "அந்தாளுக்குப் பெரிய ஊசியாப் போடச் சொல்லுங்க! வழி நெடுகப் பொலம்பி எங்க காது போச்சி!"

பேருந்து போனது. மிக்கேல் கிளினிக் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்திய வேகமெல்லாம் அடங்கியிருந்தது.

"விரல எடுத்துருவாவ அண்ணாச்சி. அல தூக்கும்போது பெருவெரலுதான் பலகையப் பிடிக்கும். அது இல்லாம வள்ளத்துல எப்பிடி நிப்பேன்? வேற என்ன தொழில் தெரியும் எனக்கு?"

அண்ணாச்சி குனிந்து அவர் தோளைத் தாங்கி எழுப்பி, உள்ளே கூட்டிப் போய் விட்டுவிட்டு வந்தார்.

கதவு சாத்திய அறைக்குள் நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை மிக்கேல் வாய்விட்டு மாதாவைக் கூப்பிட்டது ஹால் வரைக்கும் கேட்டது. ஆறே கால் விளாத்திகுளம் நெளிந்தார். ஆறரை ஏரல் எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணாச்சி, எங்க டைம் போவுதுல்லா? மத்த நாளு ஒரு நிமிசம் பிந்தினா எங்கள என்ன பேச்சு பேசுவீரு!"

"உக்காரும்வே. வண்டி வந்து சேந்ததே பெருசு. நேரம் கெடக்கு நேரம்."

ஹாலே அவரைத் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். "விரல் நிக்கும். ஆனா இனிமே ஒரு நாள்கூடத் தவறக் கூடாது."

"தவறாது டாக்டர். அது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவி வருவதாகப் பின்பக்கம் போனார் அண்ணாச்சி. குழாய்ச் சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் இருக்கைக்கு வந்தார்.

அந்தத் தாமதத்தை நான் எங்கும் குறிக்கவில்லை.