டேனியல் மச்சானுக்கு, சுவர் சம்பந்தமாக

வேலூர்,
ஆஸ்பத்திரி காத்திருப்புக் கூடம்,
செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி.

மரியாதைக்குரிய மச்சான் டேனியல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஆரோக்கியமேரியின் வீட்டுக்காரன் கன்னியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் மாதாவின் தயவிலும் எங்கள் முருகனின் தயவிலும் இங்கே நான், மேரி, மகள் நிஷா மூவரும் நலம். நலம் என்று எழுதாமல் கடிதத்தைத் தொடங்குவது நன்றாக இருக்காது என்பதால் எழுதியிருக்கிறேன். மற்றபடி மேரி உள்ளே டயாலிசிஸ் மிஷினில் படுத்திருக்கிறாள். வெளியே வர நாலு மணி நேரம் ஆகும். வாலாஜாபேட்டையில் நீங்களும் அக்காவும் உங்கள் மகன் கோபியும் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள், "பாவமேன்னு ஆம்பூர் வீட்டக் குடுத்தா, செவுத்தையே பேத்துட்டியா நீ? இனிமே எனக்குப் போன் பண்ணாத. இன்னா நடந்துச்சோ எழுத்துல குடு. மாசக் கடைசில காலி பண்ணு" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு என் நம்பரிலிருந்து உங்களுக்கு லைன் போவதில்லை. ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன். போன பொங்கலுக்கு நீங்கள் முன்னறைச் சுவருக்குச் சந்தனக் கலர் அடித்துவிட்டு, ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதை நாங்கள் மறக்கவில்லை. மாதா படத்தையும் முருகன் படத்தையும் இன்றுவரை பீரோ மேல்தான் சாய்த்து வைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சுவரில் இப்போது நாற்பத்திரண்டு ஆணி ஓட்டையும், முறம் அகலத்துக்குச் செங்கல் தெரிகிற ஒரு பள்ளமும், தண்ணீர்க் குழாயில் ஒரு பொத்தலும் இருப்பது உண்மை. இதற்கெல்லாம் நான் ஒருவனே பொறுப்பு. மேரிக்குச் சம்பந்தம் கிடையாது.

விஷயம் குளிரில் தொடங்கியது மச்சான். டயாலிசிஸ் என்றால் உடம்பு ரத்தம் முழுக்கக் குழாய் வழியாக வெளியே போய், மிஷினில் சுத்தமாகித் திரும்பி உள்ளே வருவது. வரும்போது குளிர்ந்து வருகிறதோ என்னவோ, ஏ.சி.யும் சேர்ந்துகொள்ள, மேரிக்குப் பல் அடித்துக்கொள்ளும். "குளுரு வெளிய இல்லய்யா, உள்ளருந்து வருது" என்பாள். கடைக் கம்பளி வாங்கிக் கொடுத்தேன். இந்த வியாதியில் தோல் அரிப்பு ஜாஸ்தி. கம்பளி பட்டதும் கழுத்தெல்லாம் தடித்துப்போய்விட்டது. பருத்திதான் ஒத்துக்கொள்ளும் என்று, ஷூ கம்பெனியில் வேலை செய்த காலத்தில் சேர்த்து வைத்திருந்த லைனிங் துண்டுகளையும் வேலைக்குப் போட்டுப்போன தன்னுடைய பழைய நீலக் கோட்டையும் வெட்டிச் சதுரம் சதுரமாக ஒட்டுப் போட்டு, ஒரு பஞ்சுப் போர்வைக்கு மேல்துணி தயார் பண்ணிவிட்டாள். தையல் லைனில் இருபத்து மூன்று வருடம் இருந்தவளுக்கு அது பெரிய வேலை இல்லை. பெரிய வேலை அதற்கப்புறம்தான். கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு, மேலே ஒட்டுத்துணி. மூன்றும் நகராமலிருக்க முதலில் கச்சாத் தையல் போட்டு இணைக்க வேண்டும், பிறகுதான் மிஷினில் ஓட்ட முடியும். தரையில் விரித்து மண்டிபோட்டுத் தைப்பதுதான் வழக்கமாம். அவளுக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது, எனக்கு முட்டி போய்விட்டது. தரையில் உட்கார்ந்தால் எங்கள் இருவரையும் நிஷா காலேஜிலிருந்து வந்துதான் தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் மேரி போனில் ஒரு வெள்ளைக்காரம்மா வீடியோவைக் காட்டினாள். அந்தம்மா மூன்று துணியையும் சுவரில் ஒட்டி, நின்றபடியே தடவிச் சரிபண்ணி, சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். இது நம் வேலை ஆயிற்றே என்று எனக்குத் தோன்றியது. தோல் பதனிடும் டேனரியில் முப்பத்தொரு வருடம் ஈரத்தோலை இழுத்துச் சட்டத்தில் கிளிப் போட்டுச் சுருக்கம் எடுத்தவன் நான். மாட்டுக்கே சுருக்கம் எடுத்தவனுக்குத் துணி எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் உங்கள் சுவருக்கு விழுந்த முதல் அடி.

ஆணி கூடாது என்பதால் முதலில் டேப்பில்தான் ஒட்டினேன். கீழ்த்துணி நின்றது. பஞ்சையும் ஏற்றினேன், நின்றது. நாங்கள் டீ குடிக்க உட்கார்ந்தபோது மொத்தமும் கழன்று, கீழே இறக்கி வைத்திருந்த ரசப் பாத்திரத்தில் விழுந்தது. விழுந்ததுகூடப் பரவாயில்லை, டேப்போடு சேர்ந்து உங்கள் சந்தனக் கலரும் ரிப்பன் ரிப்பனாக உரிந்து வந்தது. மேரி, "ஐயோ, எங்கண்ணன் கொன்னுடும்" என்றாள். பிறகு கீழ்வீட்டு வஜீதா, "டேப்பு நிக்காது பாய். எங்க வூட்டுக்காரரு வெச்சிருக்கற ஷூ ஒட்டற சொல்யூஷன் தர்றேன், மூலைக்கு ஒரு சொட்டு வுடுங்க" என்று ஒரு டப்பா கொடுத்தாள். ஒரு சொட்டுதான் சொன்னாள். நான் டேனரிக்காரன் அளவுக்கு விட்டுவிட்டேன். அந்த நாற்றத்தில் மேரி இரண்டு தடவை வாந்தி எடுத்து மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் கழற்றப் பார்த்தால் துணி வரவில்லை. பலமாக இழுத்தேன், வந்தது, கூடவே பூச்சும் வந்தது. போர்வையின் பின்பக்கம் பார்த்தால் உங்கள் வீட்டுச் சுவர். அந்தக் கீழ்த்துணியைக் கழித்துவிட்டுப் புதுத்துணி வாங்க ஒரு வாரம் ஆனது. இனி கெட்டுப்போக என்ன இருக்கிறது என்றுதான், மச்சான், நான் ஆணிக்கு வந்தேன்.

நாற்பத்தோரு ஆணி நன்றாகத்தான் இறங்கியது. நாற்பத்திரண்டாவது ஆணி சுவருக்குள் ஓடுகிற குழாயில் இறங்கியது. போர்வைக்கு நட்டநடுவிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. வால்வு மொட்டை மாடியில். பதினேழு படி. என் முட்டியோடு ஏறி, மூடி, இறங்கி வருவதற்குள் முன்னறை குளமாகி, தண்ணீர் கீழே வஜீதா வீட்டு அரிசி டிரம்முக்குள் சொட்டத் தொடங்கிவிட்டது. அந்தக் கோபத்தில்தான் அவள் உங்களுக்குப் போட்டோ அனுப்பியது. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அவள் அனுப்பாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மேரிக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீர்தான். சோற்றில் இருக்கிற தண்ணீர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர், எல்லாம் அந்த நாலுக்குள் அடக்கம். எட்டு மாதமாக அவள் தண்ணீரை அளந்து குடிக்கிறாள். வெயில் நாளில் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பாள். நான் படியிறங்கி வாசலுக்கு வந்தபோது, அவள் சுவருக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள். புடவை முழுக்க ஈரம். தண்ணீர் குறைந்துகொண்டே வர, கையைக் கிட்டே கிட்டே கொண்டுபோனாள். நான் உடனே தடுத்திருக்க வேண்டும் மச்சான். தடுக்கவில்லை. செருப்பைக் கழற்றுகிறவன்போல வாசலிலேயே குனிந்து நின்றேன். திரும்பி என்னைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "மூணு கைதான்யா குடிச்சேன். நாலாவது கைய மூஞ்சில ஊத்திக்கினேன்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. நானும் சிரித்தேன். கீழேயிருந்து வஜீதா, "யா அல்லா, அரிசி!" என்று கத்த, இன்னும் சிரித்தோம்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் எடை போட்ட நர்ஸம்மா, "இன்னாமா இது, ரெண்டு கிலோ ஜாஸ்தி? இன்னா குடிச்ச?" என்று கேட்டார். மூன்று கைத் தண்ணீர் இரண்டு கிலோ ஆகாது என்கிற கணக்கு எனக்கும் தெரியும். மேரி என்னைப் பார்த்தாள். "நான்தான் ருசியா ரசம் வெச்சிட்டேன்மா" என்று ஏதோ உளறினேன். ஏறின தண்ணீர் அத்தனையையும் ஒரே நாளில் மிஷின் இழுத்ததில் அவளுக்கு இரண்டு காலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் கதறியது இந்தக் கூடம் வரைக்கும் கேட்டது. ஆகவே ஆணி அடித்ததற்குத் தண்டனை கிடைக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கிடைத்துவிட்டது. ஆள்தான் மாறிவிட்டது.

துணி காய்ந்த பிறகு வேலையை விடவில்லை. ஆணி அடித்தது அடித்தாயிற்று. சுவரில் மாட்டியிருக்கிற துணிக்குப் பின்பக்கம் கை போகாது என்பதால், ஊசியை அடுப்பில் காட்டிப் பிறை மாதிரி வளைத்துக் கொடுத்தேன். மேல்வரிசையை நான் ஸ்டூலில் நின்று தைத்தேன். கீழ்வரிசையை அவள் நாற்காலியில் உட்கார்ந்து தைத்தாள். டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடதுகையைத் தலையணைமேல் பத்திரமாக வைத்துவிட்டு வலதுகையால் மட்டும் தைத்தாள். மூன்று நாள் ஆனது. முடித்து ஆணியைப் பிடுங்கியதும் போர்வை பொரித்த அப்பளம்போல நாலு பக்கமும் சுருண்டுகொண்டது. "யோவ், இது இன்னா மாட்டுத் தோலா? துணியா! இந்த இழு இழுத்தா அது இன்னாய்யா பண்ணும்?" என்று மேரி தலையில் அடித்துக்கொண்டாள். தோல் இழுத்த இழுப்பில் நிற்கும், துணி நிற்காது என்பது முப்பத்தொரு வருட சர்வீஸுக்குப் பிறகு எனக்குத் தெரிந்தது. எல்லாத் தையலையும் பிரித்து, அதே ஆணிகளை அதே ஓட்டைகளில் வைத்து மறுபடி தளர்வாக மாட்டித் தைத்தோம். புது ஓட்டை ஒன்றுகூடப் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

போன சனிக்கிழமை போர்வையை முதல் தடவையாக இங்கே கொண்டுவந்தோம். அரை மணி நேரத்தில் உள்ளே ஒரே சத்தம். இரண்டு நர்ஸ் ஓடினார்கள், பின்னாலேயே டாக்டரம்மா ஓடினார்கள். மேரியின் கட்டிலில் வெள்ளை விரிப்பெல்லாம் சிவப்பு. "எங்கமா ப்ளீடிங்? எங்க?" என்று கையைப் பிடித்து அமுக்குகிறார்கள், குழாயைப் பார்க்கிறார்கள். கதவுக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு நான் இங்கே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எந்த முட்டியில் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் பார்த்தால், தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து, அன்று குழாய்த் தண்ணீரில் போனது போக மிச்சமிருந்த லைனிங் துணியின் சிவப்புச் சாயம் இறங்கியிருக்கிறது. நர்ஸம்மா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனாலும் சாயம் போக வெந்நீரில் அலசிக் கொண்டுவரச் சொன்னார்களே தவிர, கொண்டுவராதே என்று சொல்லவில்லை. இன்று அதைப் போர்த்திக்கொண்டுதான் உள்ளே தூங்குகிறாள். இப்போதுதான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். பல் அடிக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஓட்டை அடைக்கப் பட்டி வாங்கிவிட்டேன். குழாய்க்கு ஆள் சொல்லியிருக்கிறேன். வஜீதா வீட்டு அரிசியை நானே மொட்டை மாடியில் காயவைத்துக் கொடுத்தேன். காலி பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் பண்ணுகிறோம். மாடிப்படி இல்லாத வீடாகக் கிடைக்கிற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு எங்கள் வணக்கம். கோபிக்கு எங்கள் ஆசி. அவனுக்குக் கல்யாணத்துக்கு நல்ல இடமாக அமைந்து, உங்கள் வீட்டுச் சுவர்கள் எல்லாம் பல்லாண்டு நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய
கன்னியப்பன்

பி.கு.: மேலே உள்ளதை மேரி பஸ்ஸில் படித்துவிட்டு, "தண்ணி குடிச்சத ஏன்யா எழுதுன" என்று சலித்துக்கொண்டாள். பிறகு, "சரி, ஒட்டிப் போடு" என்றாள். இதை ஆம்பூர் தபாலாபீஸ் கவுண்டரில் நின்று எழுதுகிறேன். அவள் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது.

சுவருக்காக மட்டும் நான் இத்தனை பக்கம் எழுதவில்லை மச்சான். மிஷினை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது, கிட்னி மாற்றிவிடுவது நல்லது என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். நிஷா கொடுக்கிறேன் என்றாள். அவளிடம் எடுத்தால் மிஷினுக்கே வரமாட்டேன் என்கிறாள் மேரி. "கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மேரி, "யாரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் என் கையைத் தன் தலையில் வைத்து, தன் அண்ணனிடம் கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நான் கேட்கவில்லை. கூடப்பிறந்தவர் இருந்தால் அவருக்கு முதலில் ரத்தம் மட்டும்தான் பார்ப்பார்களாம். ஒரு மணி நேர வேலையாம். எனக்குத் தெரிந்ததைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

செவ்வாய், வியாழன், சனி, காலை எட்டு மணியிலிருந்து இங்கேதான் இருப்போம். ஒருவேளை வர நேர்ந்தால் அவளிடம் சுவர் விஷயமாக வந்ததாகச் சொல்லுங்கள். வாசலில் இருந்தே என்னைத் திட்டிக்கொண்டு வாருங்கள். அப்போதுதான் நம்புவாள்.